காப்பகத்தில் கண்ணுறங்கும் நேரம்

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், சேர்வராயன் மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி, சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் பொம்மிடி. இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கைக்குழந்தையின் பகல் உறக்கம், தாயின் வேலைநேரத்தோடு பிணைந்தே இருந்துவந்திருக்கிறது. மஞ்சள், மரவள்ளி, கரும்பு வயல்களில் களையெடுக்கவோ, நூறு நாள் வேலைக்கோ, கட்டடங்களில் சித்தாளாகவோ, பேருந்தைப் பிடித்துச் சேலத்துக் கடைகளுக்கோ காலையிலேயே புறப்படும் பெண்கள், குழந்தையை வேலையிடத்து மரக்கிளையில் தூளி கட்டிப் போடுகின்றனர். இல்லையேல் மாமியாரிடமோ தாயிடமோ விட்டுச் செல்கின்றனர். குழந்தை இரண்டு வயதைக் கடந்திருந்தால் பால்வாடியில் விடுகின்றனர். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் அமைக்கப்பட்டது 1989இல் இதே தருமபுரி மாவட்டத்தில்தான். அக்குழுக்களின் சேமிப்பு, கடன், தொழில் ஆகியவை பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்க, அந்தப் பெண்கள் உழைக்கப் போன நேரத்தில் அவர்களின் கைக்குழந்தைகள் எங்கே, எவ்வாறு உறங்கினர் என்பது பெரிதாகப் பேசப்படவில்லை.

பேசப்பட வேண்டிய செய்தி அது. ஏனெனில், குழந்தைக் காப்பகத்தில் உறக்க நேரம் என்பது பொதுவாகப் பராமரிப்பாளர் சற்றே மூச்சுவிட்டுக்கொள்ளும் நேரமாக, பாத்திரம் கழுவவும் பதிவேடு எழுதவும் கிடைத்த இடைவெளியாகக் கருதப்படுகிறது. கடந்த நாற்பது ஆண்டுகளின் உறக்க ஆய்வு இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறது: கைக்குழந்தையின் மூளை மிகக் கடுமையாக வேலை செய்வதும், அதன் உடல் மிகுந்த கண்காணிப்பை வேண்டி நிற்பதும் அந்த நேரத்தில்தான்.

குழந்தை ஏன் பகலில் உறங்குகிறது

உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்ற கருத்தை, சூரிச் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்தார். விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உடலில் உறக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்பது முதல் விசை. மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவிடும்போது சேரும் அடினோசின் என்னும் வேதிப்பொருள் இந்த அழுத்தத்தின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. இரவு பகலுக்கேற்ப உடலை இயக்கும் உயிரியல் கடிகாரம் இரண்டாவது விசை. கண்ணிலிருந்து வரும் ஒளிச் செய்தியைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் இக்கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு நரம்புத் திரளாக அமைந்துள்ளது. பெரியவர்களிடம் உறக்க அழுத்தம் மெல்ல ஏறுவதால் பதினாறு மணி நேரம் வரை விழித்திருக்க முடிகிறது. கைக்குழந்தையிடம் அது வெகு வேகமாக ஏறுகிறது. ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு, மூன்று மணி நேர விழிப்பே மூளையைத் தளரச் செய்துவிடுகிறது. பிறந்த குழந்தையின் கடிகாரமோ வெளியுலகின் இரவு பகலோடு இன்னும் இணையவில்லை. இருட்டியதும் சுரக்கும் மெலட்டோனின் என்னும் உறக்க இயக்குநீர், குழந்தை மூன்று மாதத்தை நெருங்கும்போதுதான் இரவு பகல் ஒழுங்குக்கு வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு 12 முதல் 16 மணி நேரமும், 1, 2 வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3, 4 வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை. இந்த எண்களின் அகன்ற இடைவெளியைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உறங்கும் எட்டு மாதக் குழந்தையும் பதினாறு மணி நேரம் உறங்கும் எட்டு மாதக் குழந்தையும் ஒரே காப்பகத்தில், ஒரே பாயில், இரண்டுமே முழு நலத்தோடு இருக்கக்கூடும். ஆறு மாதத்தில் பகலில் இரண்டு, மூன்று முறை உறங்கும் குழந்தை, முதல் பிறந்தநாளைக் கடந்தபின், பெரும்பாலும் ஒன்றரை வயதையொட்டி, மதிய உணவுக்குப் பின்வரும் ஒரே உறக்கத்துக்கு மாறுகிறது. ஐந்து வயதை எட்டும்போது பெரும்பாலான குழந்தைகள் பகல் உறக்கத்தை விட்டுவிடுகின்றன. ஆகவே ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை ஒரே கூரையின்கீழ் வைத்து, 'ஒரு மணிக்கு எல்லாரும் தூங்க வேண்டும்' என்று அட்டவணை போடும் காப்பகம், அங்குள்ள குழந்தைகளுள் ஒரு சாராருக்கு மட்டுமே பொருந்தும் விதியை அனைவர்மீதும் சுமத்துகிறது.

அழுகை, உறக்கம் தவறியதன் கடைசி அடையாளம் என்பது காப்பகப் பணியில் அனுபவம் மிக்க ஆயாக்கள் அறிந்த உண்மை. அதற்கு முன்பே குழந்தை சொல்லிவிடுகிறது: கையில் இருந்த கிலுகிலுப்பையின்மேல் அக்கறை போய்விடுகிறது, பார்வை ஒரே இடத்தில் நிலைகுத்துகிறது, புருவத்தைச் சுற்றிலும் மெல்லிய சிவப்பு படர்கிறது, காதை இழுத்துக்கொள்கிறது, முகத்தைத் தூக்கியிருப்பவரின் தோளில் தேய்க்கிறது. இந்தச் சில நிமிடங்களில் படுக்க வைத்தால் குழந்தை எளிதில் உறங்கிவிடும். தவறவிட்டால், களைப்பை எதிர்த்து உடல் சுரக்கும் கார்ட்டிசால் முதலிய இயக்குநீர்கள் அதை விறைப்பாக்கி, உறக்கம் வேண்டி அழும் குழந்தையையே உறக்கத்தை எதிர்த்துப் போராடவும் வைக்கின்றன.

மூடிய இமைகளுக்குள்

1950களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர், உறங்கும் கைக்குழந்தைகளின் இமைகளைக் கூர்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். இமைக்குள் விழிகள் அசையும் நேரமும் அசையாத நேரமும் மாறி மாறி வருவதை அங்கே கண்டது, பின்னர் பெரியவர்களிடம் நடத்திய சோதனைகளுக்கு வழிகாட்டியது. அவரும் அவருடைய பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் 1953இல் விரைவிழி உறக்கம் என்ற கண்டுபிடிப்பை வெளியிட்டனர். உறக்க அறிவியலின் இந்த அடிப்படைக் கண்டுபிடிப்புக்கு வாசல் திறந்தவை உறங்கும் கைக்குழந்தைகளே.

பெரியவர்களின் உறக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக உள்ள இந்த உறக்கம், பிறந்த குழந்தையிடம் பாதியளவு இருக்கிறது. அப்போது குழந்தை முகம் சுளிக்கும், சப்புக் கொட்டும், சிரிக்கும், முனகும், கைகால் வெட்டும். மூச்சு ஒருசீராக இராது. குழந்தை சிரித்தால் சாமி விளையாட்டுக் காட்டுகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். புதிதாகப் பணிக்கு வந்த பராமரிப்பாளர், முனகலைக் கேட்டதும் குழந்தை விழித்துவிட்டதாக எண்ணித் தூக்கிவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். குழந்தையின் உறக்கச் சுழற்சி ஒன்று 50 முதல் 60 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இது ஏறத்தாழ 90 நிமிடம். ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் குழந்தை விழிப்பின் விளிம்புக்கு வந்து, அசைந்து, கண்ணைப் பாதி திறந்து, தொந்தரவு இல்லையென்றால் அடுத்த சுழற்சிக்குள் போய்விடும். முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடுகிறது என்று குறைபட்டுக்கொள்ளப்படும் குழந்தைகளுள் பல, உண்மையில் எழுந்தவை அல்ல, எழுப்பப்பட்டவை. ஓரிரு நிமிடம் கைகட்டிப் பார்த்திருப்பதே இங்கே தேவையான திறன்.

உறங்கும் மூளை என்ன செய்கிறது என்பதற்கு இப்போது நேரடிச் சான்றுகள் உள்ளன. ஜெர்மனியில் சபைன் சீஹேகன் குழுவினர் 6 மாத, 12 மாதக் குழந்தைகளுக்குக் கைப்பாவை ஒன்றைக் கொண்டு சில செயல்களைச் செய்துகாட்டினர். அதைப் பார்த்த நான்கு மணி நேரத்துக்குள் குறைந்தது அரைமணி நேரம் தொடர்ந்து உறங்கிய குழந்தைகளே பின்னர் அச்செயல்களை நினைவில் வைத்துத் திரும்பச் செய்தன. உறங்காதவை, அந்தக் கைப்பாவையை முன்பு பார்த்தே இராத குழந்தைகளைப் போலவே நடந்துகொண்டன. 2015இல் வெளியான இந்த ஆய்வுக்கு இரண்டாண்டுகள் முன்பு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபெக்கா ஸ்பென்சர் குழுவினர் பாலர் பள்ளிகளுக்கே சென்று, 40 குழந்தைகளிடம் படங்களின் இடத்தை நினைவில் வைக்கும் விளையாட்டை நடத்தினர். பகலில் உறங்கிய நாளில் குழந்தைகள் அதிகம் நினைவுகூர்ந்தன. உறங்க விடாத நாளில் இழந்ததை அன்றைய இரவு உறக்கமும் ஈடுசெய்யவில்லை. நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து இருபுறமும் மெலிந்து பதிவாவதால் உறக்கக் கதிர்கள் என்றழைக்கப்படும் மூளை அலைகள் எந்தக் குழந்தையிடம் அடர்ந்திருந்தனவோ, அந்தக் குழந்தையின் நினைவும் கூடுதலாகத் தேறியது. ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் தற்காலிகமாகத் தங்கியுள்ள புதுச் செய்திகள் மூளையின் மேற்புறணிக்கு மாற்றப்படுவதன் அடையாளம் இந்த அலைகள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சிறு குழந்தையின் ஹிப்போகேம்பஸ் இன்னும் முதிராதது, அதனால் கொள்ளளவு குறைந்தது. இரவு வரை காத்திராமல் பகலிலேயே அதைக் காலிசெய்ய வேண்டியிருக்கிறது.

அங்கன்வாடியில் காலையில் பாடும் பாட்டும் காட்டும் படமும் குழந்தையிடம் தங்குவது பிற்பகல் பாயில்தான் என்று இதை விளங்கிக்கொள்ளலாம். உறக்கத்தைக் கல்வி நேரத்திலிருந்து கழிக்கப்படும் நேரமாகக் கணக்கிட்டு, மூன்று வயதுக் குழந்தையை எழுப்பி எழுத்துப் பழக்கும் தனியார் மழலையர் பள்ளிகள், காலையில் கற்றுத் தந்ததைத் தாங்களே அழித்துவிடுகின்றன.

தூளி

தமிழ்நாட்டுக் காப்பகத்தில் உறக்கம் பற்றிப் பேசும் எவரும் தூளியைத் தவிர்க்க முடியாது. தூளி, தூரி, ஏணை என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறினாலும் அமைப்பு ஒன்றே: தாயின் பழைய நூல்சேலையை இரண்டாக மடித்து, விட்டத்திலோ இரும்புக் கொக்கியிலோ தொங்கும் கயிற்றில் முடிந்து, துணியின் இரு ஓரங்கள் ஒட்டிக்கொள்ளாமல் குறுக்கே ஒரு தொட்டில் கம்பைச் செருகுவது. இதன் அறிவியல் வியக்கத்தக்கது. ஜெனீவாவில் 2019இல் நடந்த ஆய்வில், நான்கு நொடிக்கு ஒருமுறை மெல்ல ஆடும் கட்டிலில் உறங்கியவர்கள் விரைவில் உறங்கி, ஆழ்ந்த உறக்கத்தில் கூடுதல் நேரம் இருந்தனர். அவர்களின் நினைவுத் திறனும் மேம்பட்டது. அதே ஆண்டு லோசானில் எலிகளிடம் நடத்திய ஆய்வு இதன் காரணத்தைத் தொட்டது: உட்செவியில் உடலின் அசைவை உணரும் நுண்ணிய சுண்ணப் பரல்கள் செயலிழந்த எலிகளை ஆட்டியும் பயனில்லை. ஆகவே உறங்க வைப்பது துணியன்று, உட்செவி உணரும் சீரான அசைவே. விட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் தொங்கும் தூளியின் ஊசல் நேரத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2.8 நொடி வருகிறது. சற்று வலுவாகத் தள்ளினாலும் மெல்லத் தள்ளினாலும் இந்த நேரம் பெரிதாக மாறுவதில்லை என்பது ஊசலின் இயல்பு. யார் ஆட்டினாலும் தாளம் பிசகாத கருவியை, கலிலியோவின் ஊசல் விதியை அறியாமலேயே நம் பாட்டிமார் கையாண்டிருக்கின்றனர்.

தாலாட்டும் அப்படியே. தமக்குத் தெரியாத மொழிகளின் தாலாட்டுகளைக் கேட்டபோதும் குழந்தைகளின் இதயத் துடிப்பு தணிந்ததை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர்.

ஆயினும் தூளிக்குள் படுத்திருக்கும் குழந்தையை அருகில் நின்று பார்க்க வேண்டும். உடல் எடை துணியை ஆழமான வளைவாக்குகிறது. அந்த வளைவில் குழந்தையின் முதுகு கூனுகிறது. கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு, அதிலும் பின்மண்டை துருத்தியது என்பதால், முதுகு கூனியதும் தலை முன்னோக்கித் தள்ளப்பட்டு மோவாய் மார்பில் படிகிறது. குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது, மென்மையானது. கழுத்து மடங்கினால் எளிதில் நசுங்குகிறது. கழுத்தை நிமிர்த்திக்கொள்ளும் வலு நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இல்லை. துணியின் பக்கங்கள் முகத்தின் இருபுறமும் மூடிக்கொண்டால், வெளிவிட்ட மூச்சையே குழந்தை மீண்டும் இழுக்க நேர்கிறது. குழந்தை குப்புறப் புரளப் பழகியபின் விழும் ஆபத்தும், மூத்த குழந்தைகள் தூளியை ஊஞ்சலாக்கி முறுக்கி விளையாடும்போது கழுத்து இறுகும் ஆபத்தும் சேர்கின்றன; இத்தகைய மரணச் செய்திகள் தமிழ் நாளிதழ்களில் அவ்வப்போது வந்துகொண்டேயிருக்கின்றன. மேலும் கீழுமாகக் குதிக்கும் ஸ்பிரிங் தூளியில், தேய்ந்த கம்பிச்சுருள் அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு.

வீட்டில் ஒரு குழந்தை, ஒரு தூளி, அருகிலேயே கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பாட்டி என்ற ஏற்பாட்டில் இந்த ஆபத்துகளைப் பாட்டியின் கண் தடுத்துக்கொண்டிருந்தது. காப்பகத்தில் பாட்டியின் இடத்தில் இருப்பவர், பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்குப் பொதுவான ஓர் ஆயா. தூளியைக் காப்பகத்துக்கு அப்படியே கொண்டுவருவது, அதைப் பாதுகாப்பாக வைத்திருந்த பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதாகும். ஆகவே முடிவு தெளிவானது: காப்பகத்தில் குழந்தையை உறங்க வைக்க அசைவு வேண்டும், ஆனால் உறங்கும் இடம் சமதளமாக இருக்க வேண்டும்.

இதற்கு வழி உண்டு. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திடீர் நிறுத்தங்கள் இல்லாமல் ஐந்து நிமிடம் நடந்தபோது அழுகை அடங்கியது, பாதியளவு குழந்தைகள் உறங்கியும் விட்டன. உறங்கிய உடனே கீழே கிடத்தியபோது பல குழந்தைகள் விழித்துக்கொண்டன. அவற்றின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து பார்த்ததில், குழந்தையை விழிக்க வைத்தது முதுகு படுக்கையைத் தொட்ட கணம் அன்று, தூக்கியிருந்தவரின் உடலிலிருந்து பிரியத் தொடங்கிய கணம் என்று தெரிந்தது. ஆகவே குழந்தை உறங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, உறக்கம் ஆழ்ந்ததும் கிடத்துமாறு அவர்கள் பரிந்துரைத்தனர். தாயின் சேலைக்குரிய இடமும் இதில் உண்டு. பிறந்த சில நாள்களிலேயே தாயின் மணத்தைக் குழந்தை பிரித்தறிகிறது என்பதை ஏடன் மெக்ஃபர்லேன் 1975இல் காட்டினார். தாய் உடுத்திய நூல்சேலையைப் பாயின்மேல் சுருக்கமின்றி இழுத்து விரித்து ஓரங்களைப் பாயின் அடியில் செருகிவிட்டால், மணம் குழந்தையுடன் இருக்கும், தளர்ந்த துணி முகத்தருகே இராது.

மல்லாந்து, தனியே, சமதளத்தில்

நலமாக இருந்த குழந்தை உறக்கத்தில் காரணம் புலப்படாமல் இறந்துபோவதை மருத்துவர்கள் திடீர்ச் சிசு மரணம் என்பர். இந்தியாவில் இத்தகைய மரணங்கள் முறையாகப் பதிவாவது அரிது. பதிவேடுகள் செம்மையாக உள்ள நாடுகளின் அனுபவமே வழிகாட்ட வேண்டியிருக்கிறது. குழந்தையை மல்லாந்து படுக்க வைக்கும்படி பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் தொடங்கிய பரப்புரைகளுக்குப் பின், அந்நாடுகளில் இம்மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. ஒரு மருந்தோ கருவியோ இல்லாமல், பெரும்பாலும் படுக்கும் நிலையை மாற்றியதாலேயே காப்பாற்றப்பட்ட உயிர்கள் இவை. குழந்தை மருத்துவ வரலாற்றில் இதற்கு ஈடான எளிய வெற்றிகள் மிகச் சில. மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்ற அச்சம் இன்றும் வீடுகளில் வலுவாக உள்ளது. உடற்கூறு இதை மறுக்கிறது: குழந்தை மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலும் உணவுக்குழாய் கீழும் இருப்பதால், எதுக்களித்த பால் மூச்சுக்குழாயை அடைய மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால்தான் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது.

காப்பகங்களுக்கு இதில் தனிப் பாடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் திடீரென இறந்த சிசுக்களுள் ஐந்தில் ஒன்று, பெற்றோரல்லாதார் பராமரிப்பில் இருந்தபோது இறந்தது என்றும், அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு பராமரிப்பின் முதல் வாரத்திலேயே நேர்ந்தது என்றும் ரேச்சல் மூன் குழுவினர் 2000இல் கண்டறிந்தனர். வீட்டில் மல்லாந்தே உறங்கிப் பழகிய குழந்தையைக் காப்பகத்தில் யாரோ ஒருவர் குப்புறப் போடுவது, எப்போதும் குப்புற உறங்கும் குழந்தையின் நிலையைக் காட்டிலும் ஆபத்தானது என்பது இதனோடு சேர்த்து அறியப்பட்டது. வீட்டில் குழந்தை எப்படி உறங்குகிறது என்று தாயிடம் கேட்பதும், காப்பகத்தில் எப்படி உறங்க வைக்கப்படும் என்று தாய் கேட்பதும், முதல் வாரத்தில் குழந்தையை அரைநாள் மட்டும் விட்டுப் பழக்குவதும் இதனால் உயிர்காக்கும் செயல்கள் ஆகின்றன. ஜப்பானியக் காப்பகங்களில், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூச்சையும் படுத்திருக்கும் நிலையையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துத் தாளில் குறித்துவைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது.

பொம்மிடி போன்ற ஊரில் இவற்றோடு வெயிலையும் கொசுவையும் சேர்த்தே எண்ண வேண்டும். பின்லாந்தில் கைக்குழந்தைகளை உறைபனியிலும் கதகதப்பாகப் போர்த்தி வீட்டுக்கு வெளியே பகலில் உறங்க வைப்பர். அங்கு குளிர் பழகிய நண்பன். இங்கு ஏப்ரல், மே மாதங்களில் தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் வேய்ந்த கூரையின்கீழ் நண்பகலில் உறங்கும் குழந்தைக்கு, வெப்பமே முதல் பகை. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு அதிகம், வியர்க்கும் திறன் குறைவு. சுற்றியுள்ள காற்றின் வெப்பம் விரைந்து உடலுக்குள் ஏறுகிறது. மிகை வெப்பம் திடீர்ச் சிசு மரணத்தின் ஆபத்தைக் கூட்டும் காரணிகளுள் ஒன்று. உறங்கும் குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் போட்டுப் போர்த்தும் பழக்கத்தைக் கோடையில் கைவிட வேண்டும். குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார்த்தால் போதும், அங்கே வியர்த்திருந்தால் துணி அதிகம் என்று பொருள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. எனவே கொசுவலை இரவுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பிழையானது. மூடிய அறையில் கொசுவர்த்தி ஏற்றிக் குழந்தையைப் புகையில் உறங்க வைப்பது, கொசுவுக்கு அஞ்சி நுரையீரலைக் கெடுப்பதாகும்.

இருட்டும் முழு அமைதியும் தேவை என்ற கவலையும் பெரும்பாலும் மிகையானது. சாலையும் இருப்புப்பாதையும் அருகில் உள்ள ஊரில் ஓசையே இல்லாத இடம் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டியதில்லை. மின்விசிறியின் சீரான இரைச்சல் திடீர் ஓசைகளை மறைத்துவிடுகிறது.

யாருடைய கடிகாரம்

குழந்தையின் உறக்கத்தைக் காப்பகத்தின் கடிகாரத்துக்குள் அடைத்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவில் சாலி ஸ்டாட்டன், கேரன் தோர்ப் ஆகியோர் ஆராய்ந்தனர். நான்கு வயதைக் கடந்த குழந்தைகளை நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டாயமாகப் படுக்க வைத்த காப்பகங்களில், அக்குழந்தைகளின் இரவு உறக்கம் குறைந்ததை 2015இல் வெளியிட்டனர். உறக்கம் தேவைப்படும் குழந்தைக்கு அது கிடைக்காததும், தேவைப்படாத குழந்தைமேல் அது திணிக்கப்படுவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். 'கண்ணை மூடு' என்று அதட்டிப் படுக்க வைக்கப்படும் நான்கு வயதுக் குழந்தைக்கு, ஒரு மூலையில் அமைதியாகப் படம் பார்க்கவோ மண்பொம்மை செய்யவோ இடம் தருவது எளிய மாற்று. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கோ பொது அட்டவணையே கூடாது. அது காலையில் எத்தனை மணிக்கு எழுந்தது, எப்போது பால் குடித்தது என்பதைத் தாய் வாசலில் சொல்லிவிட்டுப் போவதும், அதை ஆயா பலகையில் குறித்துவைப்பதுமே அதன் அட்டவணை.

ஆயாவுக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. சட்டமும் நிதியும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. முப்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வேலையிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் எழுதியது. மரநிழலில் தூளிகளைக் காத்து உட்கார்ந்திருப்பதும் கூலிக்குரிய வேலை என்று ஒரு சட்டம் ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று. ஆனால் உறங்கும் குழந்தைகளுக்குச் சமதளப் படுக்கையையும் வலையையும் யார் தருவது என்பது அங்கும் விடுபட்டது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகள், தமிழ்நாட்டில் மதிய உணவுக்குப் பின்னும் குழந்தைகளை வைத்திருந்து பாயில் உறங்க வைக்கின்றன. பிற மாநிலங்கள் பலவற்றில் சில மணி நேரத்திலேயே மையத்தை மூடிவிடும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது பெருமைக்குரியது. ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அங்கே வருவது எடை பார்க்கவும் சத்துமாவு வாங்கவுமே. கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் 1969இல் டெல்லியில் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் அமைப்பு, கைக்குழந்தைகளையும் நாள் முழுதும் ஏற்றுக் காட்டியது. அந்த முன்மாதிரி நாடெங்கும் பரவவில்லை.

2017இல் தொடங்கிய தேசியக் காப்பகத் திட்டம், தான் தரும் சேவைகளின் வரிசையில் முதலாவதாகவே 'உறங்கும் வசதியுடன் கூடிய பகல் பராமரிப்பு' என்பதைக் குறிப்பிட்டது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை 25 குழந்தைகள், ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் என்பது அதன் அளவு. இந்த இரண்டு பேரில் ஒருவர் சமைக்கவோ கழுவவோ போய்விட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சைப் பார்க்கும் பணி நடவாது என்பது எளிய கூட்டல் கழித்தல். மிஷன் சக்தி திட்டத்தின்கீழ் 'பால்னா' என்ற பெயரில் இது மாற்றியமைக்கப்பட்டு, அங்கன்வாடியோடு இணைந்த 17,000 காப்பகங்கள் நாடெங்கும் இலக்காக வைக்கப்பட்டன.

பொம்மிடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் மகளிர் குழுக்கள் மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, ஜனவரி 26 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைகளில் இத்தகைய காப்பகத்தைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம். கேட்கும்போது கட்டடத்தை மட்டும் கேட்காமல், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உறங்கும் நேரம் முழுவதும் வேறெந்த வேலையும் தரப்படாத ஓர் ஆயா, குழந்தைக்கொரு கெட்டியான பாய், பகலுக்கும் கொசுவலை, வெப்பம் இறங்காத கூரை, ஒரு மின்விசிறி ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தீர்மானத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.